இமைப்பூச்சுக்கு ஏற்ற கருவிகளும் கைமுறைகளும்

ஐஷேடோ என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் இமைப்பூச்சைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். அதை இமையில் ஏற்றும் கருவியைப் பற்றிய எண்ணம், பூசிய நிறம் திட்டுத் திட்டாக நின்று மனத்துக்கு ஒவ்வாமல் போன பிறகே அவர்களுக்கு எழுகிறது. ஒரே பெட்டியின் ஒரே பழுப்பு நிறம், தட்டையான தூரிகையால் ஒற்றும்போது விளிம்பு தெரியும் அடர்ந்த பட்டையாகவும், மயிர் தளர்ந்து குவிந்த தூரிகையால் பரப்பும்போது தொடக்கமும் முடிவும் புலப்படாத மெல்லிய நிழலாகவும் படிவதை ஒருமுறை கண்டுகொண்டவர், புதிய நிறங்களை வாங்குவதற்கு முன் கையிலுள்ள தூரிகைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பார். பன்னிரண்டு நிறங்களும் பொருந்தாத தூரிகைகளும் வைத்திருப்பவரைவிட, மூன்று நிறங்களும் அவற்றுக்குப் பொருந்திய மூன்று தூரிகைகளும் வைத்திருப்பவருக்கே இமை ஒப்பனை நன்றாக அமையும் என்பது இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

பொடியின் இயல்பு

எந்தக் கருவி வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது பூச்சின் இயல்பாகும். அழுத்திய பொடி வகை ஐஷேடோவில், மாக்கல்லின் முதன்மைக் கனிமமான டால்க்கும், காக்காய்ப்பொன் என வழங்கும் மைக்காவும், வெண்களிமண்ணும் உடற்பகுதியாக அமைகின்றன; சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடுகளும், அல்ட்ராமரைன் நீலமும், குரோமியம் ஆக்சைடு பச்சையும், டைட்டானியம் டை ஆக்சைடு வெண்மையும் நிறத்தைத் தருகின்றன; மக்னீசியம் ஸ்டியரேட், டைமெத்திகோன் போன்ற பிணைப்பிகள் இவற்றைச் சேர்த்துப் பிடித்துச் சிறு தட்டுகளில் அழுத்தி அடைக்க உதவுகின்றன. பிணைப்பி குறைந்த பொடி, தூரிகை பட்டதும் உதிர்ந்து கன்னத்தில் விழும். மிகுந்த பொடியோ இறுகி, மென்மையான தூரிகையில் ஏறவே ஏறாது. மென்மையான தூரிகை ஒரு பெட்டிக்குச் சிறந்ததாகவும் வேறொரு பெட்டிக்குப் பயனற்றதாகவும் தோன்றுவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

பளபளப்பில்லாத மேட் வகைக்கும் மின்னும் ஷிம்மர் வகைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வது கருவித் தேர்வில் பாதி வேலையை முடித்துவிடும். மேட் பொடியின் துகள்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், அவற்றை எத்திசையில் தேய்த்தாலும் தோற்றம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வட்டமாகவும் குறுக்காகவும் தேய்த்து விளிம்பைக் கரைக்கும் வேலைக்கு அவை ஏற்றவை. ஷிம்மர் பொடியில் இருப்பவை மைக்காவின் தட்டையான நுண்தகடுகள். அவற்றின்மேல் பூசப்பட்ட டைட்டானியம் டை ஆக்சைடின் மிக மெல்லிய படலமே ஒளியைத் திருப்பி அனுப்பி மினுக்கத்தை உண்டாக்குகிறது. இத்தகடுகள் தோலோடு தோலாகப் படுத்திருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பி, உருக்கிய உலோகத்தின் சாயல் கிடைக்கும். தளர்ந்த தூரிகையால் சுழற்றிப் பூசினால் அவை ஆளுக்கொரு கோணத்தில் நின்று மங்குவதோடு, பாதி உதிர்ந்தும் போகும். ஷிம்மரை விரலாலோ தட்டைத் தூரிகையாலோ அழுத்தி ஒற்ற வேண்டும் என்று ஒப்பனைக் கலைஞர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

பசை வடிவிலும் குச்சி வடிவிலும் நீர்ம வடிவிலும் வரும் ஐஷேடோக்கள் எண்ணெய், மெழுகு அல்லது சிலிகோனை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுள் பல ஒரு நிமிட அளவில் உலர்ந்து இறுகிவிடுவதால், ஓர் இமையைப் பூசிக் கரைத்து முடித்த பின்னரே அடுத்த இமையைத் தொட வேண்டும். அழுத்தப்படாத தூளாகச் சிமிழில் விற்கப்படும் நிறமிகள் மிக அடர்த்தியானவை. உலர்ந்த தூரிகையோடு அவற்றைக் கையாள்வது பழகிய கைக்கே இயலும் என்பதால், தொடக்க நிலையில் உள்ளோர் அவற்றைத் தள்ளிவைப்பது நல்லது.

மயிரும் இழையும்

தூரிகையின் குஞ்சம் விலங்கு மயிராலோ செயற்கை இழையாலோ ஆனது. விலங்கு மயிரின் மேற்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நுண்செதில்களால் மூடப்பட்டிருப்பதால், பொடி அவற்றில் தங்கி, தோலில் படும்போது சிறிது சிறிதாக விடுபடுகிறது. ஆட்டு மயிர் சற்றுத் தடித்தும் உறுதியாகவும் இருந்து பொடியை நிறைய எடுக்கும். அணில் மயிர் மிக மெல்லியதாகையால் குறைவாக எடுத்து, மெல்லிய படலமாக இடும். செபிள் எனப்படும் மரநாய் இன மயிர் வளைந்தவுடன் நிமிரும் தன்மையுடையதால் நுண்ணிய வேலைக்கு உதவும். நைலானாலும், பிபிடி எனச் சுருக்கி வழங்கப்படும் பாலியெஸ்டர் வகையாலும் செய்யப்படும் செயற்கை இழைகளுக்கு இத்தகைய செதில் இல்லை. அதனால் பசையும் நீர்மமும் அவற்றில் ஊறாமல் மேலேயே நின்று தோலுக்கு முழுமையாக இறங்குகின்றன. முற்காலத்தில் செயற்கை இழை பொடிக்கு ஆகாது என்ற கருத்து நியாயமாகவே இருந்தது. இன்று இழையின் முனையைக் கூராக்கியும், உடலை நெளியாக்கியும் செய்வதால், நல்ல செயற்கைத் தூரிகை பொடியையும் போதிய அளவு எடுக்கிறது. கழுவுவதற்கு எளிதானது, விரைவில் உலர்வது, விலங்குகளுக்குத் தீங்கின்றிக் கிடைப்பது ஆகிய மூன்றையும் கருதினால், ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் வாழ்வோர் செயற்கைத் தூரிகையிலிருந்து தொடங்குவதே தகும். கீரி மயிரால் செய்தது என்று கூறி விற்கப்படும் தூரிகைகளை எவ்வகை வேலைக்கும் வாங்கலாகாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது என்பதோடு, தூரிகைக்காக அவ்விலங்கு பெருமளவில் கொல்லப்பட்டு வந்துள்ளது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

மயிர் எது என்பதைவிட, முனை வெட்டப்பட்டதா இல்லையா என்பதே தோலுக்கு உடனே தெரியும். ஜப்பானின் ஹிரோஷிமா மாவட்டத்திலுள்ள குமானோ என்னும் சிற்றூர் எழுத்துத் தூரிகைகளுக்கும் ஒப்பனைத் தூரிகைகளுக்கும் பெயர்பெற்றது. அந்நாட்டில் உற்பத்தியாகும் தூரிகைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அங்கிருந்தே வருகிறது. அவ்வூர்க் கைவினைஞர்கள் மயிரை ஒரு சிறு மர அச்சினுள் முனை கீழாக இட்டு, மெல்லத் தட்டித் தட்டி, அச்சின் குழிவுக்கேற்ப மயிர்கள் தாமாக அமைந்து குவிமுனை பெறும்படி செய்கின்றனர். கத்தரிக்கோலால் உருவம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு மயிரின் இயற்கையான கூர்நுனியும் அப்படியே நிற்பதால், அது தோலைக் குத்துவதில்லை. 2011ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் வென்ற ஜப்பான் அணியினருக்கு அரசு நாட்டின் உயர் விருதோடு குமானோ தூரிகைகளையும் நினைவுப்பரிசாக வழங்கியது, அக்கைத்தொழிலுக்குக் கிடைத்த மதிப்புக்குச் சான்றாகும். மலிவான தூரிகைகளில் இதற்கு மாறாக, குஞ்சத்தைக் கட்டிய பின் உருண்டையாகக் கத்தரித்துவிடுகின்றனர். மழுங்க வெட்டிய முனைகள் அனைத்தும் இமையில் உரசுகின்றன.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தூரிகையை மணிக்கட்டின் உட்புறத்தில் செங்குத்தாக நிறுத்தி, எடையே தராமல் சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். அங்குள்ள தோல் மெல்லியது என்பதால், கூச்சம் மட்டும் தெரிந்தால் முனை நல்லது, நுண்ணிய முட்கள் பட்டது போன்ற அரிப்புத் தெரிந்தால் அத்தூரிகை இமைக்கு ஆகாது. அடுத்து, குஞ்சத்தை இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தால், புதிய தூரிகையில் ஓரிரு மயிர் வருவது இயல்பு, கொத்தாக வந்தால் பசை சரியில்லை. குஞ்சத்தையும் காம்பையும் இணைக்கும் உலோகப் பூண் ஆடாமல் இருக்கிறதா என்பதையும் திருகிப் பார்க்க வேண்டும். உலக்கைப் பூணைப் போலவே இதுவும் கழன்றால் கருவி முழுவதும் பயனற்றுப் போகும்.

எத்தனை தூரிகைகள்

பன்னிரண்டும் இருபத்துநான்குமாக உறையிலிட்டு விற்கப்படும் தொகுப்புகளில் இமைக்கென வரும் தூரிகைகள் பல ஒன்றுக்கொன்று அளவில் மட்டுமே மாறுபட்டவை. அத்தொகையில் தனித்தனியாக மூன்று வாங்குவது மேல். அவற்றுள் முதலிடம் பிளெண்டிங் தூரிகைக்கு உரியது. குஞ்சம் தளர்ந்தும் நீண்டும், முனை குவிந்தும் இருக்கும் இத்தூரிகையே இமைமடிப்பில் நிறத்தைப் பரப்புவதற்கும் விளிம்பைக் கரைப்பதற்கும் பயன்படுவது. கையிருப்பில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால், அதை இதற்கே செலவிட வேண்டும். இயன்றால் ஒரே வகையில் இரண்டு வாங்கி, ஒன்றை நிறம் தொடாமல் கரைப்பதற்கு மட்டும் ஒதுக்கிவைப்பது இன்னும் சிறந்தது. தூரிகையின் அகலம் கண்ணின் மடிப்புக்கும் புருவ எலும்புக்கும் இடையிலுள்ள இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். சிறிய கண்ணுக்குப் பெரிய குஞ்சத்தைப் பயன்படுத்தினால் நிறம் புருவம் வரை ஏறிவிடும். இரண்டாவது, தட்டையாகவும் அடர்ந்தும் இருக்கும் தட்டைத் தூரிகை. இமையின் நகரும் பகுதியில் நிறத்தை அழுத்தி ஒற்றுவதற்கு உரியது. மூன்றாவது, பென்சில் தூரிகை எனப்படும் சிறிய கூர்முனைத் தூரிகை. கண்ணின் வெளிமூலையிலும் கீழிமையின் மயிர்க்கோட்டிலும் அடர்நிறத்தை வைப்பதற்கு உதவுவது. மேக் நிறுவனத்தின் தூரிகை வரிசையில் 217, 239, 219 என்ற எண்கள் முறையே இம்மூன்று வடிவங்களுக்கும் உரியவை. பிற நிறுவனங்களின் தூரிகைகளையும் அவற்றோடு ஒப்பிட்டு விற்பனையாளர்கள் பேசுவதால், இவ்வெண்களை அறிந்திருப்பது கடையில் உதவும்.

பெட்டியோடு வரும் பஞ்சுமுனைக் குச்சியை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. அது நிறத்தைக் கரைக்காது; ஆயினும், ஷிம்மரையும் அடர்ந்த தூளையும் உதிராமல் ஓரிடத்தில் அழுத்தி வைப்பதில் தூரிகையைவிடத் திறமையாகச் செயல்படும். விரல்களுள் மோதிர விரலே இமைக்கு ஏற்றது, ஏனெனில் அவ்விரல் இயல்பாகவே குறைந்த அழுத்தம் தருவது. உடற்சூடு பசைவகைப் பூச்சை இளக்கி இமையோடு ஒன்றச் செய்வதால், குச்சி வடிவ ஐஷேடோவை மயிர்க்கோட்டை ஒட்டித் தீட்டிவிட்டு விரலால் மேல்நோக்கி ஒற்றிக் கரைப்பது, அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்துக்கு ஏற்ற மிகச் சிறந்த முறை எனலாம். விரலின் எண்ணெய் பட்டுப்பட்டு அழுத்திய பொடியின் மேல் ஒரு வழவழப்பான ஏடு படிந்து, நிறம் ஏறாமல் போவதுண்டு. ஒட்டுநாடாவை அதன்மேல் மெல்ல அழுத்தி எடுத்தால் அவ்வேடு நீங்கிவிடும்.

இமையைப் பக்குவப்படுத்துதல்

கண்ணிமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது. தடிமனில் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத அத்தோல், கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் மடிந்து விரிகிறது. அதனோடு எண்ணெய்ப் பசையும் வியர்வையும் சேரும்போது, பூசிய நிறம் மடிப்பில் சேர்ந்து கோடாகிவிடுகிறது. பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு இதைத் தடுப்பதற்கு உரியது. அரிசியளவு போதும், விரலால் மயிர்க்கோட்டிலிருந்து மடிப்புக்கு மேல் வரை ஒற்றி, ஏறத்தாழ ஒரு நிமிடம் உலரவிட்டு, அதன்மேல் தோல்நிறப் பொடியை மெல்லத் தூவ வேண்டும். ஈரம் உலர்வதற்கு முன் நிறம் வைத்தால், தூரிகை முதலில் பட்ட இடத்திலேயே அது பிடித்துக்கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் நகராது. திட்டுகள் பலவற்றுக்கும் இந்த அவசரமே காரணம்.

தமிழர்களில் பலருக்கு இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் முகத்தின் பிற பகுதியைவிடச் சற்றுக் கருத்திருப்பது இயல்பு. அதை மறைப்பதற்காக வெளிறிய கன்சீலரைப் பூசினால், அடியிலிருக்கும் கருமை அதனூடே தெரிந்து சாம்பல் பூத்த தோற்றம் உண்டாகும். அதற்கு முன் இளமாநிறத்துக்குப் பீச் நிறத்தையும் ஆழ்ந்த மாநிறத்துக்கு ஆரஞ்சு நிறத்தையும் மெல்லியதாக ஒற்றிச் சமன்செய்ய வேண்டும். மடிப்பில் வைக்கும் இடைநிறம், அதாவது தோலுக்கும் அடர்நிறத்துக்கும் பாலமாக நிற்கும் நிறம், பயன்படுத்துவோரின் தோலைவிட ஒரு படி ஆழ்ந்தும் சிவப்போ மஞ்சளோ கலந்தும் இருக்க வேண்டும். செங்கல், காவி, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் சாயல்கள் இதற்கு மிகவும் பொருந்துவன. வெளிர்தோலை எண்ணித் தயாரிக்கப்பட்ட பெட்டிகளில் இடைநிறமாக வரும் மணல்நிறங்களில் வெண்மை மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், அவை மாநிறத் தோலில் சுண்ணாம்புத் தூளாகவே தெரியும். பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் ஷிம்மர்கள் கருநிறப் பென்சிலால் அடித்தளம் இட்டதன்மேல் பன்மடங்கு எடுப்பாகத் தெரிகின்றன, ஏனெனில் தகடுகளை ஊடுருவிச் செல்லும் ஒளியைக் கருமை விழுங்கிவிட, திருப்பி அனுப்பப்படும் நிறம் மட்டும் கண்ணுக்கு எட்டுகிறது. ஆழ்ந்த நிறத் தோலுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கும் இந்த வசதியை ஒப்பனை நூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

கையின் நகர்வு

தூரிகையை எழுதுகோலைப் போலப் பூணை ஒட்டிப் பிடித்தால் அழுத்தம் கூடும். காம்பின் பின்முனையருகே பிடித்தால் கையின் எடை தூரிகைக்கு இறங்காது. கரைக்கும் வேலைக்குப் பின்முனைப் பிடியும், ஒற்றும் வேலைக்கு முன்பிடியும் உரியவை. நிறம் எடுக்கும்போது தூரிகையைத் தட்டில் குடைவதால் பொடி பூணுக்கருகில் போய்ச் சேருமே தவிர, முனையில் நிற்காது. முனை மட்டும் படும்படி ஒருமுறை தொட்டு, காம்பை மறுகையின் மணிக்கட்டில் மெல்லத் தட்டி மிகுதியை உதிர்த்துவிட வேண்டும். தூரிகை முதலில் படும் இடத்திலேயே நிறம் அதிகமாக இறங்கும் என்பதை மனத்தில் இருத்தினால், எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்: எங்கே ஆழம் வேண்டுமோ அங்கே, அதாவது பெரும்பாலும் கண்ணின் வெளிமூலையில் தொடங்கி, மூக்கின் பக்கமாக நகர வேண்டும்.

இடைநிறத்தைப் பிளெண்டிங் தூரிகையால் மடிப்பின் மேலே வலமும் இடமுமாக வளைவாக இழுத்தும், சிறு வட்டங்களாகச் சுழற்றியும் பரப்ப வேண்டும். பிறகு பென்சில் தூரிகையால் அடர்நிறத்தை வெளிமூலையில் சிறு புள்ளியாக வைத்து, நிறம் தொடாத தூரிகையால் அதன் மேல்விளிம்பை மட்டும் கரைக்க வேண்டும். புள்ளியின் நடுவைத் தேய்த்தால் ஆழம் போய்விடும். பலரும் இந்த இடத்தில் நிறம் தொட்ட தூரிகையாலேயே கரைக்க முயன்று, கரைக்கக் கரைக்க நிறம் பரவிக்கொண்டே போவதைக் கண்டு மனம் தளர்கின்றனர். மேலும் நிறம் சேர்க்காத தூரிகை ஒன்று கையில் இருந்தால் இச்சிக்கல் எழாது. மூன்று நிறங்களுக்கு மேல் ஒரே இடத்தில் தேய்த்தால் அவை தம்முள் கலந்து சேற்றுநிறமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது அவசியம்.

ஷிம்மரை வைப்பது கடைசி வேலை. தட்டைத் தூரிகையின் ஒரு பக்கத்தில் நிறத்தை எடுத்து, இமையின் நடுவில், கருவிழிக்கு நேர் மேலே முதல் ஒற்றலை வைத்து, அங்கிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக ஒற்றிச் செல்ல வேண்டும், இழுக்கக் கூடாது. உலோகப் பளபளப்பு வேண்டுமென்றால், நிறத்தை எடுத்த பின் தூரிகையின்மேல் ஒப்பனை நிறுத்தும் தெளிப்பானை ஒருமுறை அடித்து ஒற்றலாம். ஈரத்தை நேராகப் பொடித்தட்டில் தெளித்தால் பொடி இறுகிக் கெடும். எச்சிலால் தூரிகையை நனைக்கும் பழக்கமோ கண்ணுக்குக் கிருமியைக் கொண்டுசேர்ப்பதாகும்.

கண்ணாடியைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒரு கண்ணை மூடிப் பூசுவது வழக்கத்தில் இருந்தாலும், அது நல்ல முறையன்று. கண்ணாடியை மோவாய்க்குக் கீழே சாய்த்து வைத்துப் பார்வையைத் தாழ்த்தினால், இமை சுருங்காமல் விரிந்திருப்பதோடு இரு கண்களையும் ஒப்பிடவும் முடியும். இமையை விரலால் ஓரமாக இழுத்துப் பிடித்துப் பூசினால், விட்டவுடன் தோல் தன் சுருக்கத்துக்குத் திரும்பி, பூசிய கோடும் வளைந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் தலையை நிமிர்த்தி, கண்களை இயல்பாகத் திறந்து, ஒரு கை தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், ஏனெனில் பிறர் பார்ப்பது அந்த நிலையையே. உதிரும் பொடி கன்னத்தில் விழக்கூடும் என்பதால், கண் ஒப்பனையை முடித்துக் கன்னத்தைத் துடைத்த பிறகே முகத்துக்கான பவுண்டேஷனைத் தொடங்குவது வேலையைக் குறைக்கும்.

கண்ணின் அமைப்பு இந்த விதிகளைச் சற்று மாற்றும். புருவத்துக்குக் கீழுள்ள தோல் இறங்கி மடிப்பை மூடியிருக்கும் கண்களில், உண்மையான மடிப்பில் வைத்த நிறம் கண் திறந்ததும் மறைந்துவிடுவதால், கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்குச் சற்று மேலே இடைநிறத்தை வைக்க வேண்டும். உள்ளாழ்ந்த கண்களுக்கு மடிப்பில் மேலும் ஆழம் தேவையில்லை. புடைத்த கண்களுக்கு இமை முழுவதும் ஷிம்மர் வேண்டாம். வயது ஏறி இமையில் நுண்சுருக்கங்கள் தோன்றியவர்களுக்கு மேட் அல்லது பட்டுச்சாயல் கொண்ட பொடியே ஏற்றது, மினுக்கம் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக்காட்டும். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டுவதால் நிறத்தைச் சற்றுத் தாராளமாகவும், தூரப்பார்வைக் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டுவதால் விளிம்புகளை மிகக் கவனமாகக் கரைத்தும் பூச வேண்டும். வெள்ளெழுத்து உடையவர்கள் கண்ணாடியைக் கழற்றியபின் கிட்டத்தில் தெளிவாகப் பார்க்க இயலாதாகையால், பெரிதாக்கிக் காட்டும் குழியாடி ஒன்றை வைத்துக்கொள்வது தூரிகை வாங்குவதற்கு நிகரான தேவை.

ஒளியும் வியர்வையும்

மஞ்சள் ஒளி தரும் விளக்கின் கீழ் சிவப்பும் ஆரஞ்சும் சார்ந்த நிறங்கள் மங்கித் தெரிவதால், கை தானாகவே அவற்றை மிகுதியாகப் பூசிவிடும். வெளியே வந்து பகல் ஒளியில் பார்க்கும்போதுதான் மிகை புலப்படும். சன்னலை எதிர்நோக்கி அமர்வதே சிறந்தது. அதற்கு வழியில்லாதபோது, 5000 முதல் 5500 கெல்வின் வரையுள்ள வெண்ணொளி விளக்கு முகத்துக்கு நேரே இருக்க வேண்டும், தலைக்கு மேலே அன்று. மேலிருந்து விழும் ஒளியில் புருவ எலும்பின் நிழல் மடிப்பில் விழுந்து, அங்கே ஏற்கெனவே நிறம் இருப்பதுபோல் ஏமாற்றிவிடும். விடியற்கால முகூர்த்தத்துக்காக மண்டபத்து அறையில் இரவு முடியும் முன்பே ஒப்பனை தொடங்கும்போது, அந்த அறையின் விளக்கையே நம்புவதைவிட, கையோடு எடுத்துச் செல்லும் சிறு விளக்கு ஒன்று பெரும் உதவியாக இருக்கும். மாலை வரவேற்பில் வீடியோ விளக்குகளின் வெளிச்சம் மடிப்பின் ஆழத்தை அழித்துவிடும் என்பதால், காலையில் போதுமானதாக இருந்த இடைநிறத்தின்மேல் மேட் அடர்நிறத்தை இன்னொரு சுற்று வைக்க வேண்டும்.

முகூர்த்த ஒப்பனைக்கே உரிய மற்றொரு சிக்கல் ஓமப் புகையாகும். புகையால் கண்ணீர் பெருகும்போது முதலில் கரைவது கண்ணின் உள்மூலையும் கீழிமையும் ஆகையால், அவ்விரு இடங்களிலும் பொடியையும் தூளையும் தவிர்த்து, நீர்படாத பென்சிலை மட்டும் பயன்படுத்துவது நல்லது. கண்ணீரைத் துடைக்கக் கூடாது. மெல்லிய தாளின் ஓரத்தைக் கூராக மடித்து, உள்மூலையில் வைத்து உறிஞ்சவிட வேண்டும். மணமகளின் தோழி ஒருவரிடம் இவ்வாறு மடித்த தாள்களை முன்கூட்டியே கொடுத்துவைக்கும் ஒப்பனைக் கலைஞர், தம் வேலையை நிழற்படங்கள் எடுத்து முடியும் வரை காப்பாற்றியவராவார்.

பாதுகாப்பும் தூய்மையும்

பண்டைய எகிப்தியர் மலக்கைட் என்னும் பச்சைக் கனிமத்தையும் கலீனா என்னும் கருங்கனிமத்தையும் கற்பலகைகளில் அரைத்துக் கண்ணுக்கு இட்டனர். கலீனா ஈயத்தின் சல்பைடு ஆகும். அதே பொருளைக் கொண்ட சுர்மா வகைகள் இன்றும் சில இடங்களில் விற்கப்படுவதால், குறிப்பாகக் குழந்தைகளின் கண்ணுக்கு அவற்றை இடவே கூடாது. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், பயன்படுத்த வேண்டிய கால எல்லையும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்; திறந்த சிமிழின் படத்துக்குள் 12 அல்லது 24 என்ற எண் இருந்தால், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். கண்ணுக்கு அருகில் வேண்டாம் என்று குறிப்பிடப்பட்ட நிறங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உதட்டுக்கோ கன்னத்துக்கோ போகட்டும். கைவினைப் பொருள்களுக்கான கிளிட்டர் கூர்மையான ஓரங்களை உடையது. அது கருவிழியின் மேற்படலத்தைக் கீறக்கூடும்.

இமைவிளிம்பில் மயிருக்கு உட்புறமாக மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக அமைந்துள்ளன. கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் அவற்றிலிருந்தே சுரக்கிறது. பொடியை அந்த உட்கோட்டில் இட்டால் வாய்கள் அடைபட்டு, கண் உலர்ந்து உறுத்தும். கான்டாக்ட் லென்ஸ் அணிவோர் ஒப்பனைக்கு முன் லென்ஸை அணிந்து, ஒப்பனையைக் கலைப்பதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும் என்பதே கண் மருத்துவர்களின் அறிவுரை.

சொந்தத் தூரிகைகளை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. பிறருக்குப் பூசும் கலைஞர் ஒவ்வொருவருக்குப் பிறகும் கழுவியாக வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குஞ்சத்தை மட்டும் நனைத்து, உள்ளங்கையில் இட்ட மிதமான ஷாம்புவில் மெல்லச் சுழற்றி, நீர் தெளியும் வரை அலச வேண்டும். முனை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். நீர் பூணுக்குள் ஏறினால் பசை இளகி மயிர் உதிரத் தொடங்கும். அலசிய பின் துணியில் ஒற்றி, விரலால் உருவம் திருத்தி, மேசையின் விளிம்பில் குஞ்சம் வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்துக் காற்றாட விட வேண்டும்; குவளையில் நிமிர்த்தி வைப்பதும் வெயிலில் காயவைப்பதும் தூரிகையைக் கெடுக்கும். மழைக்காலத்தில் அடர்ந்த ஆட்டு மயிர்க் குஞ்சம் முழுதும் உலர இரண்டு நாட்கள்கூட ஆகலாம்; உள்ளே ஈரம் இருக்கும்போதே உறையிலிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மெட்ராஸ் ஐ எனப்படும் கண்நோய் வந்தால், கண் முற்றிலும் குணமாகும் வரை எந்த ஒப்பனையும் கூடாது. நோய் வெளிப்படுவதற்கு முந்தைய நாட்களில் தொட்ட மஸ்காராவையும், நீர்ம, பசைவகைப் பூச்சுகளையும், பஞ்சுமுனைக் குச்சிகளையும் எறிந்துவிட வேண்டும்; தூரிகைகளைக் கழுவி, 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முனையை நனைத்துத் துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகே மீண்டும் எடுக்க வேண்டும். அழுத்திய பொடியின் மேலடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடரலாம் என்று சிலர் கூறுவதுண்டு. விலை குறைந்த பெட்டியானால் அதையும் எறிந்துவிடுவதே பாதுகாப்பானது.